இராசாத்திக்கு ஏற்ற இடம்

இந்த இரண்டாவது இல்லத்தில் குறை சொல்வதென்றால் பொய்தான் சொல்லவேண்டும் என்று றஞ்சனிக்குப் பட்டது. தகரக்கூரை ஒழுகவில்லை. கிணற்றில் நல்ல தண்ணீர். கட்டில்கள் கிடந்த மண்டபத்தின் பின்கதவைத் திறந்தால் பங்கர். குண்டு போடக் கிபிர் விமானம் வந்தால் காது கேளாதவர்களைக் கையில் பிடித்து இறக்குவதற்கென்றே ஒரு பெண்ணை வைத்திருப்பதாகச் சிஸ்டர் சொன்னார். அம்மா இராசாத்தி எல்லாவற்றையும் ஆறுதலாகச் சுற்றிப் பார்த்தாள். குசினிக்குள் போய்ச் சோற்றுப்பானையைத் திறந்து மோந்துகூடப் பார்த்தாள். சிற்றாலயத்தில் முழங்காலில் நின்றாள். சிஸ்டரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்து வாய் நிறையச் சிரித்தாள். பிறகு வெளியே வந்து, சைக்கிள் கரியரில் ஏறி உட்கார்ந்து, இது வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“இன்னும் என்னம்மா வேணும் உங்களுக்கு? அரண்மனையோ?”

சத்தம் போட்டுத்தான் கேட்டாள். பிறவியிலேயே காது கேளாத தாயோடு சத்தம் போடுவதில் ஒரு வசதி உண்டு. மனம் ஆறும், தாய்க்கு நோகாது. ஆனால் இராசாத்தி முகத்தைப் பார்த்தே எல்லாம் கண்டுபிடிப்பவள். மகளின் முதுகில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டி, மிதி என்று வீதியைக் காட்டினாள்.

முதியோர் இல்லம் தேடும் யோசனையே இராசாத்தியுடையது. நாற்பதைத் தொடப்போகும் றஞ்சனிக்கு அந்த வருடம் ஒரு கலியாணம் பேசி வந்திருந்தது. மாப்பிள்ளை கொலின்ஸ், நாச்சிக்குடாவில் படகு மோட்டர் திருத்துகிறவர், மனைவியை இழந்தவர், அதிகம் கதைக்காதவர். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி அவர்தான் முதலில் சொன்னார். இராசாத்தி அதைக் கேட்டு, அதாவது மகளின் கைகளில் பார்த்து, ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். புதுக் குடித்தனத்துக்குள் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கத் தன்னால் முடியாது. தனக்குப் பிடித்த ஓர் இடம் கிடைக்கட்டும், அடுத்த நாளே கோயிலில் கலியாண ஓலை வாசிக்கலாம். கிடைக்காவிட்டால் அம்மாவை விட்டுவிட்டுத் தான் போவதில்லை என்று றஞ்சனியும் சொல்லிவிட்டாள். கலியாணம் இப்படி ஒரு கிழவியின் தலையாட்டலில் தொங்கிக்கொண்டு நின்றது. கொலின்ஸ் மட்டும் பதறவில்லை.

“ஆறுதலாப் பாருங்கோ. நான் எங்க ஓடப்போறன்?” என்றார்.

முதலாவது இல்லத்திலும் இதே கதைதான். அங்கேயும் இராசாத்தி சிற்றாலயத்துக்குள் போய்விட்டு வந்து, இங்கே பாவசங்கீர்த்தனம் எப்படி என்று கைகளால் விசாரித்தாள். பாதர் மாதம் ஒருமுறை வருவார் என்று சிஸ்டர் சொன்னதை றஞ்சனி கையால் சொல்லி, அந்த நாளில் தானும் நாச்சிக்குடாவிலிருந்து வந்துவிடுவதாகச் சேர்த்துச் சொன்னாள். உடனே இராசாத்தியின் முகம் விழுந்துவிட்டது. மகள் அவ்வளவு தூரம் அலையப்போகிறாளே என்ற கவலை என்றுதான் றஞ்சனி நினைத்தாள்.

எழுத்து வாசனை இல்லாத இராசாத்தி, மகளுக்கு ஒன்பது வயதானதிலிருந்து, அவள் வாயால்தான் பாவங்களை அறிக்கையிட்டு வந்தாள். தவக்காலம் வந்தால் சிறுமி றஞ்சனி கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, அம்மாவின் கைகளைப் பார்த்துப் பார்த்துப் பாதருக்குச் சொல்லுவாள். பக்கத்து வீட்டுக் கோழிக்குக் கல்லெறிந்தது, பூசையில் தூங்கியது, மாமியாரை மனதுக்குள் திட்டியது. பின்னால் வரிசை நீண்டு கிடக்கும் நாட்களில் றஞ்சனி சில பாவங்களைச் சுருக்கியும் விட்டிருக்கிறாள். எப்படியும் ஒவ்வொரு வருடமும் அதே கோழிதானே. இத்தனை வருடத்தில் அம்மா பெரிதாக ஒரு பாவமும் செய்யவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மூன்றாவது இல்லம் நந்திக்கடல் ஓரமாக இருந்தது. வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே றஞ்சனிக்கு மனம் விட்டுப்போயிற்று. கிடுகுக் கூரை போன மழையைப் பார்த்தது போலிருந்தது, அதற்கு முந்தின மழையையும் பார்த்தது போலிருந்தது. கிணறு உவர். பங்கருக்குப் பதிலாக, தென்னங்குற்றி போட்டு மூடிய ஒரு குழி. முற்றத்து வேம்பின் கீழ் ஒரு வயோதிபர் சாரத்தோடு உட்கார்ந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். அவர் இளைப்பாறிய பாதர் ஞானப்பிரகாசம் என்றும், இங்கே மற்றவர்களோடு மற்றவராக இருக்கிறார் என்றும் சிஸ்டர் சொன்னார்.

இராசாத்தியைக் காணும் எல்லோரும் அவளுடைய காதுக்குள் கத்துவார்கள். பாதர் கத்தவில்லை. முன்னால் கிடந்த பலகை மேசையை விரலால் தட்டினார். பலகையில் கை வைத்திருந்த இராசாத்தி அதிர்வை உணர்ந்து திரும்பினாள். சாப்பிட்டாயா, எங்கேயிருந்து வருகிறாய், வெயிலில் களைத்துவிட்டாயா என்று அவர் கைகளால் கேட்டார். ஊமைப்பாசை என்று பிள்ளைகள் பகிடிக்குக் காட்டும் கை அல்ல, கதைத்துப் பழகிய கை.

“என்ர தம்பி ஒருத்தன் இருந்தவன் பிள்ளை. பிறவியிலயே கேக்காது. அவனோட இப்பிடித்தான் சண்டையும் பிடிச்சனாங்கள்,” என்றார் றஞ்சனியிடம்.

இராசாத்தி அவருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய கைகளில் பாதி பாதருக்கு விளங்கவில்லை. விளங்காதபோது அவர் நெற்றியைச் சுருக்கித் திரும்பக் கேட்டார், அவள் வேறுவிதமாகக் காட்டினாள். கோழி வந்தது, கடல் வந்தது, செத்துப்போன புருசன் வந்தார். றஞ்சனி உதவிக்குக் குனிந்தபோதெல்லாம் அம்மா அவளை இலையான் கலைப்பது போலக் கலைத்தாள். பிறகு மார்பில் மெதுவாக மூன்று முறை தட்டி, பாதரைச் சுட்டினாள். பாதர் உருவிய இலையை ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்து போய், பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது போடும் ஊதாப் பட்டியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தார்.

பழக்கதோசத்தில் றஞ்சனியும் பின்னால் போனாள். சிற்றாலய வாசற்படியில் இராசாத்தி திரும்பி, உள்ளங்கையை மகளின் நெஞ்சில் வைத்தாள். நில்.

“பாதர், அவான்ர கை கன இடத்தில உங்களுக்கு விளங்காது. நான்—”

“விளங்காட்டித் திரும்பக் கேப்பன் பிள்ளை. எனக்கென்ன அவசரம்?”

றஞ்சனிக்குச் சுருக்கென்றது. முப்பது வருடம் செய்த வேலையை ஒரு உள்ளங்கையால் பறித்துவிட்டாளே என்று கோபம் வந்தது. அந்தச் சிற்றாலயத்துக்குச் சுவர் இடுப்பளவுதான். முற்றத்தில் நின்றாலே உள்ளே எல்லாம் தெரிந்தது. முழங்காலில் நின்ற இராசாத்தி சிலுவை போட்டாள். பிறகு வலது கையைத் தூக்கித் தன் காதுச்சோணையைப் பிடித்து, கிழிப்பது போல் கீழே இழுத்தாள்.

அது றஞ்சனியின் பெயர். மூன்று வயதில் தோடு கொழுவி அவளுடைய சோணை கிழிந்துபோன நாளிலிருந்து அம்மாவின் கையில் அவளுக்கு அதுதான் பெயர்.

அம்மா இன்னொரு தடவை சோணையை இழுத்தாள். பிறகு கையைத் தோளுக்கு மேலால் பின்னுக்கு எறிந்தாள். கனகாலத்துக்கு முதல். கோழி இல்லை, பூசை இல்லை. மகளின் வாயால் சொல்ல முடியாத ஒன்றை அம்மா இத்தனை தவக்காலமும் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். நல்ல கிணற்றையும் நல்ல கூரையையும் வேண்டாமென்று தலையாட்டிக்கொண்டு வந்தது இதற்காகத்தான். றஞ்சனி பார்வையை இன்னும் கொஞ்சம் வைத்திருந்தால் எல்லாம் தெரிந்துவிடும். அந்தக் கைகள் அவளுக்கு விளங்காமல் போவதற்கு வழியேயில்லை.

அவள் திரும்பி முதுகைக் காட்டி நின்றாள்.

முன்னால் நந்திக்கடல் வெயிலில் கிடந்தது. இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பேர் இறால் வலையை இழுத்துக்கொண்டு போனார்கள்.

“வெயிலுக்க நிக்காமல் வந்து கஞ்சி குடியுங்கோவன்,” என்று சிஸ்டர் எங்கேயோ பின்பக்கமிருந்து கூப்பிட்டார்.

“ஓம் சிஸ்டர், வாறன்,” என்றாள் றஞ்சனி, தலையைத் திருப்பாமல்.

கைகள் வேகமாக ஓடும்போது அம்மாவின் தொண்டையிலிருந்து சின்னச் சின்னச் சத்தங்கள் வரும். தனக்கு அப்படியொரு சத்தம் வருவது அம்மாவுக்குத் தெரியாது. இப்போது அது வந்துகொண்டிருந்தது, ஏறியும் இறங்கியும், ஒருமுறை உடைந்தும். அதில் ஒரு சொல்லும் இல்லை. வலைக்காரர்கள் தண்ணீரில் வெகுதூரம் போய்விட்டார்கள். றஞ்சனி கண்களுக்கு மேலே கையை வைத்து, அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.