கதிர்வேல் ஏர் எடுத்த விதம்

கதிர்வேலை நம்பி அந்த வேலையைக் கொடுத்ததே பெரிய விஷயம். மூன்று மாதத்துக்கு முன் தங்கை தனப்பிரியாவின் ரிமோட் காரைத் தொட்டு, ஷாக் அப்சார்பரின் மூடியை லாரி நட்டு மாதிரி முறுக்கி உடைத்த புண்ணியவான் அவன். அன்றிலிருந்து காரின் பக்கமே அவள் அவனை அண்டவிடவில்லை. இன்று வேறு வழியில்லை. ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைக் களத்தில் ரிமோட் கார் பந்தயம். இறுதிச் சுற்றுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது முன்பக்க ஷாக் ஒன்று கசிந்து காலியாகிவிட்டது. அதே நேரத்தில் போட்டியாளர்களுக்கு விதிமுறை சொல்ல அவளையும் கூப்பிட்டுவிட்டார்கள்.

“வாஷர் மாத்திட்டேனுங்ணா. எண்ணெ ஊத்தி, தண்ட மெதுவா மேல கீழ ஆட்டுங்க. அப்பறம் நிமித்தி வெச்சுட்டுக் கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க. குமிழி அத்தனையும் மேல வந்தப்பறந்தான் மூடோணும்.”

“இத்துனூண்டுக்கு இத்தன பாடமா? போ கண்ணு, நான் பாத்துக்கறேன்.”

நாமக்கல்லில் இருபது வருஷமாக லாரி கிளட்ச்சுக்கு ஏர் எடுக்கிற, அதாவது குழாயில் சிக்கிய காற்றை எடுக்கிற, மெக்கானிக் அவன். அங்கே பெடலைச் சடசடவென்று மிதித்து அழுத்திப் பிடித்தால்தான் காற்று வெளியேறும். கை அந்தப் பழக்கத்திலேயே போனது. சுண்டுவிரல் அளவு ஷாக்கில் எண்ணெயை ஊற்றி, தண்டைச் சடசடவென்று இருபது தடவை அடித்தான். அட கெரகமே! தெளிந்த எண்ணெய் மோர் மாதிரி நுரைத்துவிட்டது. கொட்டிவிட்டு வேறு ஊற்றலாமென்றால் புட்டியில் சொட்டுகூட இல்லை.

 பந்தயம் போனால் இன்னொன்று வரும். இந்தத் தடவையும் கெடுத்தால் அவள் ஒரு திருகாணியைக்கூட இனி அவன் கையில் தரமாட்டாள். அவன் பையில் லாரி பிரேக் ஆயில் டப்பா கிடந்தது. எடுத்து மூடியில் கை வைத்தான். அந்த ஆயில் பட்டால் இந்தச் சின்ன ரப்பர் வாஷர் ஊதிப்போகும் என்பது அவனுக்கா தெரியாது? டப்பாவைக் கீழே வைத்தான். ஷாக்கை ஒரு டம்ளருக்குள் நிமிர்த்தி வைத்துவிட்டு, பிறந்ததிலிருந்து எதற்கும் காத்திருக்காத மனுஷன், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

ஒரு குமிழி மேலே வந்தது. அப்புறம் இன்னொன்று. மைக்கில் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவன் அசையவில்லை. எண்ணெய் தெளிந்ததும் தண்டைப் பாதி மேலே தள்ளி, வழிந்ததைத் துடைத்து, மூடியை இரண்டே விரலால் முறுக்கினான். அவன் மாட்டி முடிக்கவும் தனப்பிரியா காரை வாங்கிக்கொண்டு ஓடவும் சரியாக இருந்தது.

பலகை மேட்டிலிருந்து கார் பறந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டான். துள்ளிப் புரளும் சத்தம் கேட்கவில்லை. திறந்து பார்த்தால் கார் மெத்தென்று தரையிறங்கி அடுத்த வளைவில் போய்க்கொண்டிருந்தது. அப்பாடா! 

மூன்றாவதாக வந்தாள். அவனுக்கு மனசு கேட்கவில்லை.

“கண்ணு, எண்ணெய நொரைக்க உட்டுட்டேன்.”

“தெரியுமுங்ணா. விதிமுறை கேட்டுட்டு வந்து உங்க பின்னாடிதான நின்னேன்.”

“அடிப்பாவி! பிரேக் ஆயில எடுத்தனே, அதையுமா பாத்த? ஒரு வார்த்த சொல்லறதுக்கென்ன?”

“மூடியத் தொறந்திருந்தீங்கன்னா கத்தியிருப்பேன். நீங்களே கீழ வெச்சுட்டீங்க.”

காரை அவன் மடியில் வைத்தாள்.

“ஊட்டுக்குப் போனதும் மிச்சம் மூணுக்கும் எண்ணெ மாத்தீருங்க. நான் போய்ப் படுத்துத் தூங்கறேன்.”