பெரியவனை முடித்துவைத்த புத்தகம்

என் சின்னவன் கதை எழுதுகிறான். இந்த நாட்டுப் பாஷையில், மீசை முளைக்கிற வயசுப் பிள்ளைகளுக்கு. நாம் யார், எங்கிருந்து வந்தோம் என்று அதுகளுக்குச் சொல்கிறானாம். நான் ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு துவைத்து அவனைப் படிக்கவைத்தவன். இந்தப் பாஷையை எனக்கு எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது.

புதுப் புத்தகம் கைக்கு வந்ததும் சமையலறையில் என்னை உட்காரவைத்து, தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு குடும்பம் உயிருக்குப் பயந்து ஓடிவருகிறது. எல்லையில் நெரிசல். அண்ணன் கைநழுவிப் போகிறான். எங்கள் கதைதான், என் பெரியவன் அப்படித்தான் காணாமல் போனான். கடைசிப் பக்கத்தில் சின்னவனுக்குக் குரல் இறங்கியது.

"அண்ணனோட உடம்பு கெடைக்குது. தம்பி மண்ணு போடுறான்."

"யாரு உடம்பு?"

"கதையிலப்பா."

"நமக்கே கெடைக்கல. உனக்கு மட்டும் தபால்ல வந்துச்சா?"

"பதிப்பகத்துல கேட்டாங்க. வருவானா மாட்டானான்னு விட்டா பசங்க தவிச்சுப் போவாங்களாம். ஒரு முடிவு வேணுமாம்."

"பசங்க தவிக்கக் கூடாது. நான் தவிக்கலாம்."

அவன் தம்ளரை நகர்த்தி நகர்த்தி வைத்தான். "எனக்கும் வேணும்ப்பா. இருந்தா இத்தன வருஷத்துல ஒரு தகவலாவது வந்திருக்காதா? உங்ககிட்ட சொல்ல வாய் வரல."

"அதான் எனக்குப் படிக்கத் தெரியாத பாஷையில சொல்லிட்டியாக்கும். அத எடுத்துடு."

"அச்சாயிடுச்சுப்பா."

முகாம் முகாமாகப் பெரியவன் போட்டோவைக் காட்டித் திரிந்தவன் நான். போலீஸ்காரன், தரகன், படகுக்காரன், எவனும் செத்தான் என்று சொல்லவில்லை. சொன்னது கூடப்பிறந்தவன்.

அடுத்த வாரம் அந்தப் புத்தகத்துக்காக நூலகத்தில் கூட்டம். அங்கே என்னதான் அளக்கிறான் பார்ப்போம் என்று போனேன். வாசித்தான். முன்வரிசைப் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சின. முடித்துவிட்டு என்னைக் கைகாட்டி ஏதோ சொன்னான். ஒரு பெண்பிள்ளை எழுந்து வந்து என் எதிரே நின்று மெதுவாக ஒரு வார்த்தை சொன்னாள். சலவைக்கூடத்தில் யார் வீட்டிலாவது சாவு விழுந்தால் சொல்கிற வார்த்தை.

பெரியவன் சாகவில்லை என்று சொல்ல எனக்குப் பாஷை போதாது. சின்னவனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். அந்தப் பிள்ளை கையை நீட்டியபடியே நின்றாள். பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் மற்றதுகளும் வரிசையாக வர ஆரம்பித்தன.