தட்டிய தொடை

ஒரு காலத்தில் கடலூர் காசிநாதப் பயில்வானைச் சாய்க்க ஆளே கிடையாது. தலை நரைத்ததும் கல்லூரியில் குஸ்தி வாத்தியாரானார். யுத்தம் முடிந்த வருஷம் அண்ணாமலை நகர்ப் போட்டியில் அவருடைய மாணவன் பூவராகன் ஜெயித்தான். கூட்டம் அவன் பேரைச் சொல்லிக் கத்தியது. காசிநாதருக்கு வயிறு எரிந்தது. அந்தப் பாழாய்ப்போனவன் பூரிப்பில் வாத்தியாரைப் பார்த்தே தொடையைத் தட்டிவிட்டான்.

தொடை தட்டினால் சண்டைக்குக் கூப்பிடுவதாக அர்த்தம். காசிநாதர் நிதானமாகச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கோதாவில் இறங்கினார்.

"ஐயோ வாத்தியாரே, சந்தோஷத்துல தட்டிட்டேன்!" என்று காலைத் தொடக் குனிந்தான் பூவராகன். குனிந்தவனை அப்படியே வாரித் தூக்கி எறிந்தார். முழங்கை முறிந்த சத்தம் முன்வரிசைக்குக் கேட்டது.

மண்ணில் துடித்தவனிடம் காசிநாதர் சொன்னார்: "விழறப்ப கைய ஊணாதடான்னு எத்தினி வாட்டி சொல்லிக் குடுத்தேன்?"