கருவைக்கு வந்த மரியாதை

டிராக்டர் கிளம்புவதற்குள் செவந்திக்குத் தொண்டை கட்டிவிட்டது. கட்டாதா பின்னே? விடிந்ததிலிருந்து ஊரையே அவள்தான் விரட்டிக்கொண்டிருந்தாள். கண்மாயை அடைத்து நின்ற சீமைக்கருவையை மகளிர் குழுப் பெண்கள் வெட்டி, வெயிலில் காயப்போட்டு, மிஷினில் விட்டுச் சிராயாக்கி ஏற்றிய முதல் லோடு அது. கீரனூர்ப் பக்கம் மரத்தை எரித்துக் கரண்டு எடுத்து மின்வாரியத்துக்குக் கொடுக்கிற ஆலைக்குப் போகிறது. லோடு தேறினால் கண்மாய் முழுக்க வெட்டிக் கொடுக்கும் வேலை குழுவுக்கு. தேறாவிட்டால் வெளியூர்க் காண்ட்ராக்டருக்கு. அப்புறம் பழையபடி தூக்குச்சட்டியோடு பஸ்ஸில் இடிபட்டுத் திருச்சிக்குச் சித்தாள் வேலைக்குத்தான் போகவேண்டும். அந்த நினைப்பே செவந்திக்கு ஆகாது.

டிராக்டர் நகரும் நேரத்தில்தான் தெரு தன் குணத்தைக் காட்டியது. சாமி புறப்பாட்டுக்கு வாசலுக்கு வாசல் குடம் ஊற்றிப் பழகிய தெரு, முதல் லோடைச் சும்மா விடுமா? செவந்தியின் ஓரகத்தி மூக்காயி மஞ்சள் தண்ணீர் கரைத்துச் சிராய்மேல் ஊற்றிக் குலவை போட்டாள். அவ்வளவுதான், வீட்டுக்கொரு குடம் வந்துவிட்டது. ஊற்றாதவள் நாளைக்குத் தெருவில் தலைகாட்ட முடியுமா? செவந்தியும் தன் பங்குக்கு ஒரு குடம் ஊற்றினாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கண்ணே தெரியவில்லை.

டிராக்டரோடு செவந்தியும் போனாள். ஆலை வாசலில் ஈரம் பார்க்கிற பிரவீன்குமார் லோடுக்குள் கையை விட்டார். மஞ்சளாக வந்தது கை. மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“தண்ணி சொட்டுதுக்கா. இத வாங்க முடியாது, திருப்பி எடுத்துட்டுப் போங்க.”

ஈர மரம் போட்டால் பாய்லரில் ஆவி இறங்கிவிடும், மெஷினே நின்றாலும் நிற்கும் என்று அவர் பொறுமையாகத்தான் சொன்னார். செவந்திக்கு முதலில் மூக்காயிமேல் ஆத்திரம் வந்தது. தானும் ஒரு குடம் ஊற்றியது நினைவுக்கு வந்ததும் அழுகை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். பிரவீன்குமார் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் திரும்பிக்கொண்டார்.

“பச்ச மரமில்லீங்க தம்பி, உள்ள நல்லாக் காஞ்சதுதான். அந்தா அங்கிட்டுக் களம் சும்மாத்தானே கெடக்கு? பொழுது சாயுறதுக்குள்ள காயவச்சுத் தாரோம். அப்பவும் ஈரம்னா நானே அள்ளிட்டுப் போயிர்றேன்.”

அவர் உள்ளே போய் மேனேஜரிடம் பேசி, சாயங்காலம்வரை அனுமதி வாங்கிவந்தார். செவந்தி போனைப் போட்டாள். குழு மொத்தமும் பஸ்ஸிலும் டூவீலரிலுமாக வந்து இறங்கிவிட்டது. சிமெண்டுக் களத்தில் சிராயைக் கொட்டிப் பரப்பினார்கள். அவித்த நெல்லைக் கிளறுவதுபோல் செருப்புக் காலால் வரிவரியாகக் கிளறிக்கொண்டே நடந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது; இன்னும் நல்லா அடி என்று சூரியனையே ஏவினாள் ஒருத்தி. மூக்காயி மட்டும் வாயே திறக்காமல் இரண்டு ஆள் வேலை பார்த்தாள்.

வெயில் தாழ்ந்ததும் பிரவீன்குமார் வந்தார். மேலே அள்ளினார், அடியில் அள்ளினார், மூலையில் அள்ளினார். மீட்டரைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

“பெல்ட்டுல ஏத்தச் சொல்லுங்கக்கா. நாளைக்கு அடுத்த லோடு வரட்டும். கொடம் மட்டும் வீட்டுலயே இருக்கட்டும்.”

களமே குலவையால் அதிர்ந்தது. நகரும் பெல்ட்டில் சிராய் ஏற ஏற, பெண்களும் கூடவே ஓடினார்கள். மஞ்சள் கோட்டுக்கு அப்பால் போகக்கூடாது என்று காவலாளி கையை விரிக்க, அங்கேயே நெருக்கியடித்து நின்றார்கள். பெல்ட் உயரே போய்ச் சிராயைப் பாய்லருக்குள் கொட்டியது.

மூக்காயி அப்போதுதான் வாய் திறந்தாள். “ஏப்புள்ள, இந்நேரம் கரண்டாயிருக்குமா?”

செவந்திக்கு என்ன தெரியும்? “ஆயிருக்கும்” என்றாள். எல்லாத் தலையும் ஒன்றாக மேலே திரும்பியது. ஆலையிலிருந்து வெளியேறும் கம்பிகளை அண்ணாந்து பார்த்தபடி, ஒருத்திமேல் ஒருத்தி இடித்துக்கொண்டு, அவர்கள் கரண்டு போகிற போக்கிலேயே நடக்கத் தொடங்கினார்கள்.