குப்பைக்கு மட்டும் என் பேர்

என் பெயரை நாய் கவ்விக்கொண்டு போனதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒண்டிக்கடை முக்கில், பட்டப்பகலில், ஒரு செவலை நாய் கோழி எலும்போடு சேர்த்து ஒரு ரோஸ் கலர் பையை இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தது. பையில் பச்சை எழுத்தில் 'மல்லிகா ஸ்டோர்ஸ், ஏற்காடு' என்று இருந்தது. எழுத்துக்கு மேலே ஒரு மல்லிகைப் பூப் படம். பஸ்சுக்கு நின்றவர்கள் நாயைப் பார்த்தார்கள், பிறகு கடை வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்கள். ஒருத்தன் சிரித்தான்.

மல்லிகா நான்தான். கடைக்கு என் பெயரை வைத்தவர் என் வீட்டுக்காரர் காளியண்ணன். சேலத்திலிருந்து மலையேறி வந்து கடை பிடித்தபோது, என் பெயர்தான் ராசி என்று யாரோ ஜோசியர் சொன்னாராம். என்னை யாரும் கேட்கவில்லை. போர்டு எழுதி மாட்டின பிறகு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. போர்டு வாசலோடு நின்றுகொள்ளும். பை நிற்காது என்று அப்போது தெரியவில்லை.

டூரிஸ்ட் கூட்டம் பெருகினதும் பை வந்தது. காப்பித்தூள், மிளகு, தேன், தைலம், எது வாங்கினாலும் ஒரு பை. தீப்பெட்டி வாங்கினாலும் ஒரு பை. ஓசி விளம்பரம் என்று சேலத்தில் சொல்லி மூட்டை மூட்டையாக அடித்துக்கொண்டு வந்தார். ஆறே மாதத்தில் என் பெயர் மலை முழுக்க ஏறி இறங்கியது. தூறல் விழுந்தால் காப்பி பறிக்கிற பெண்கள் என் பெயரைத் தலையில் மாட்டிக்கொண்டார்கள். அது பரவாயில்லை, ஒரு தலைக்காவது உதவியது. மற்றபடி குடிகாரன் பாட்டிலும் ஊறுகாயும் சுற்றி எறிவது என் பெயரில். ஏரிக்கரையில் பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டுத் துடைத்த துணியை முடிந்து எறிவது என் பெயரில். 'காளியண்ணன்' என்று எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட இந்த மலையில் யாரும் மிதித்திருக்க மாட்டார்கள்.

தொண்ணூற்றேழாம் வருஷம் மார்கழியில் காலம் தப்பி ஒரு மழை அடித்தது. மழை விட்ட மறுநாள் காலையில் கண்ணாயி கடைக்கு வந்தாள். தலைச்சோலை ஊர்க்காரி. மலைக்காட்டு விவசாயம், கொஞ்சம் காப்பி, கொஞ்சம் ஆரஞ்சு. எங்களிடம்தான் மிளகு போடுவாள், எங்களிடம்தான் உப்பு புளி வாங்குவாள். எப்போது வந்தாலும் 'அம்மணி' என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். அன்றைக்கு ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மல்லிகாங்கறது நீதான?" என்றாள்.

"நாந்தானுங்க. ஏனுங்கக்கா, என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"உன்னத் தெரியும். இது உன் பேருன்னு இன்னிக்குத்தான் தெரியும்."

சாக்கைத் தலைகீழாகப் பிடித்துக் கடை வாசலில் கொட்டினாள். சேறும் நாற்றமுமாக என் பைகள். நடுவில் சில நீலப் பைகளும் இருந்தன, அவை எதிர்க்கடைப் பைகள். ஆனால் முக்கால்வாசி ரோஸ்தான். கண்ணாயிக்கு எழுத்துத் தெரியாது. பூப் படத்தை பஸ் கண்டக்டரிடம் காட்டி, இது யார் கடை என்று கேட்டுக்கொண்டு நேரே வந்திருக்கிறாள்.

நடந்ததை அவள் நின்றபடியே சொன்னாள். அவள் காட்டுக்கு மேலே ரோடு போகிறது. டூரிஸ்ட் பஸ்கள் அங்கே நிறுத்தி, தின்று, எறிந்துவிட்டுப் போகும். ரோட்டுக்கடியில் ஓடைத் தண்ணீர் போவதற்கு ஒரு சிமெண்டுக் குழாய் உண்டு. மழையில் பைகள் அடித்துக்கொண்டு வந்து குழாயை அடைத்துவிட்டன. தண்ணீர் ரோட்டின் மேலேறி மறுபக்கம் விழுந்து நேராக அவளுடைய களத்தில் பாய்ந்தது. களத்தில் அந்த வருஷத்துக் காப்பிப் பழம் மொத்தமும் காய்ந்துகொண்டிருந்தது. பாதி பள்ளத்தோடு போய்விட்டது. மீதி சேற்றில் ஊறிக் கிடக்கிறது, பூசணம் பிடித்துவிடும், எவனும் வாங்க மாட்டான்.

"குழாய்க்குள்ள கைய உட்டு உட்டு இழுத்தேன். வரவர உன் பேருதான் வந்துச்சு" என்றாள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானமாக ஏதாவது சொல்லியிருப்பேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், நான் பதில் சொல்வேன் என்று. நான் என்ன சொல்வது? கடை என்னுடையது இல்லை என்றா? உண்மை அதுதான். வாடகைச் சீட்டு அவர் பேரில். லைசென்ஸ் அவர் பேரில். வியாபாரிகள் சங்கத்தில் நாற்காலி அவருக்கு. கல்லாவில் நான் உட்கார்ந்தால், "எந்திரி, ஆள் வர்றாங்க" என்பார். குப்பைக்கு மட்டும் என் பேர்.

உள்ளேயிருந்து அவர் எட்டிப் பார்த்தார். "என்ன மல்லிகா, வாசல்ல அசிங்கம்?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "த்சொ" என்றார். "பாவம், ஒரு கிலோ சர்க்கரை கட்டிக் குடுத்தனுப்பு." கண்ணாயி அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். சர்க்கரையை வாங்கவில்லை. காலிச் சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவள் தலை மறைந்ததும் என் வீட்டுக்காரர் ஒரு முறத்தை எடுத்து வந்து அத்தனை பைகளையும் வாரி, கடைக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் கொட்டினார். கொட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

"இனிமேல் என் பேர் போட்ட பை ஒண்ணும் இந்தக் கடையிலிருந்து போகக்கூடாதுங்க" என்றேன்.

"ஊரே உன் பேரச் சொல்லுது, அது உனக்குக் கசக்குதா?"

"ஊர் சொல்றது உங்க காதுல விழல. விழுந்தா இப்படிப் பேச மாட்டீங்க."

அந்தச் சமயத்தில் எதிர்க்கடை செல்வராஜ் வந்தார். சங்கத்துக்குச் செயலாளர். அவர் கடை கமலா டெக்ஸ்டைல்ஸ், ஸ்வெட்டரும் சால்வையும் விற்பார். கமலா அவருடைய ஒரே மகள், எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நீலப் பை அவருடையதுதான். ஊராட்சி ஆபீசில் பொங்கலுக்கு முன்னால் ஒரு கூட்டம் போடுகிறார்கள், பொங்கல் கழிந்தால் கடைகளில் பிளாஸ்டிக் பை கொடுக்கக்கூடாது என்று பேச்சு என்றார். சங்கம் விடக்கூடாது என்றார். கண்ணாயி வந்துபோன கதையையும் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார்.

"பேர் இருக்கறதாலதானே தூக்கிட்டு வர்றாங்க காளியண்ணா. அடுத்த லோடுக்கு மொட்டையா அடிக்கச் சொல்லிருவோம். பேரே இல்லாட்டி யாரு பையின்னு எவன் கேப்பான்?"

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா மல்லிகா, உன் கவலை தீந்துது" என்றார்.

நான் அதையா கேட்டேன்? யோசித்துப் பார்த்தால், ஆமாம், அதைத்தான் கேட்டிருந்தேன். என் பெயர் போகக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தேன். கண்ணாயி குழாய்க்குள் கையை விடுகிறாள், நான் என் பெயரை வெளியே எடுக்கச் சொல்கிறேன். அந்த ஆத்திரம் அவர்கள் மேல் இருந்ததைவிட என் மேல் அதிகமாக இருந்தது. தலைச்சோலை பஸ் கண்டக்டரிடம், கூட்டம் என்றைக்கு என்று கண்ணாயிக்குச் சொல்லியனுப்பினேன்.

கூட்டத்துக்கு ஐம்பது அறுபது பேர் வந்திருந்தார்கள். பெண்கள் கடைசி பெஞ்சில், என்னையும் கண்ணாயியையும் சேர்த்து நாலு பேர். ஆபீசர் நல்ல மாதிரி, எல்லோரையும் பேச விட்டார். அதுதான் தப்பாகப் போயிற்று. பேக்கரி ஸ்தனிஸ்லாஸ் எழுந்து, காகிதத்தில் சுற்றினால் பன் ஈரமாகிவிடும் என்றார். ஒருத்தர், பாலே பாக்கெட்டில் வருகிறது, முதலில் பாலை நிறுத்துங்கள் என்றார். இன்னொருத்தர், டூரிஸ்ட் கையை வீசிக்கொண்டு வருகிறான், அவன் காப்பித்தூளை மடியில் கட்டிக்கொண்டா போவான் என்றார். பை செய்கிற கம்பெனியை மூடச் சொல்லுங்கள், நாங்கள் ஏழை வியாபாரிகள் என்றார் செல்வராஜ். அவருக்கு மூன்று மாடி. எல்லாப் பேச்சுக்கும் கைதட்டல். பைகள் போய் விழுகிற பள்ளத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அடிவயிற்றிலிருந்து எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது, பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கண்ணாயி எழுந்து முன்னால் போனாள். மடியிலிருந்து ஒரு ரோஸ் பையை எடுத்து மேஜைமேல் விரித்தாள். சுத்தமாகக் கழுவியிருந்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க சாமி. இதுல யாரு பேரு இருக்குதுன்னு நீங்க படிங்க."

ஆபீசர் படித்தார். "மல்லிகா ஸ்டோர்ஸ், ஏற்காடு."

"இது மாதிரி ஒரு சாக்கு. என் காப்பிய அடிச்சுட்டுப் போயிருச்சு. இதுக்கு யாரு பதில் சொல்லுவாங்க?"

கூட்டம் என் வீட்டுக்காரரைப் பார்த்தது. அவர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தார். மாட்டிக்கொண்டால் அவருக்கு எப்போதும் வருகிற சிரிப்பு அது.

"என்னைக் கேட்டா எப்படிங்க? கடை என் சம்சாரம் பேர்ல இருக்குது. பேர்தான் போட்டிருக்குதே. அவளத்தான் கேக்கணும்."

சிரிப்பு கிளம்பியது. செல்வராஜ் தொடையைத் தட்டிச் சிரித்தார். ஆபீசர்கூடச் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணாயி மட்டும் சிரிக்காமல் திரும்பி என்னைப் பார்த்தாள், அன்றைக்குக் கடை வாசலில் பார்த்த அதே பார்வை.

நான் எழுந்தேன்.

"ஆமாங்க, கடை என்னுதுதான்" என்றேன். "அவரே சொல்லிட்டாரு, இத்தனை பேர் சாட்சி. நீங்க சட்டம் போடுங்க, போடாம உடுங்க. மல்லிகா ஸ்டோர்ஸ்ல நாளையிலிருந்து பை கெடையாது. பேர் போட்டதும் கெடையாது, போடாததும் கெடையாது."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தடையைப் பற்றி அன்றைக்கு ஒரு முடிவும் ஆகவில்லை, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று கலைந்தார்கள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது என் வீட்டுக்காரர், "நான் விளையாட்டுக்குச் சொன்னேன் புள்ள" என்றார்.

"நான் விளையாட்டுக்குச் சொல்லலீங்க" என்றேன். ஆணியில் தொங்கிய கடைச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

காலையில் நானே கடையைத் திறந்தேன். முதல் பஸ்சில் சேலத்திலிருந்து மொட்டைப் பை மூட்டை வந்து இறங்கியது. வந்த பஸ்சிலேயே திருப்பி ஏற்றிவிட்டேன். உள்ளே மிச்சமிருந்த ரோஸ் பைகளையும் அதோடு கட்டி அனுப்பினேன். ஒரு காரில் வந்தவர்கள் தேனும் காப்பித்தூளும் எடுத்து வைத்துவிட்டு, பை இல்லை என்றதும் எல்லாவற்றையும் மேஜையிலேயே விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தில் வேறு கடை தேடிப் போனார்கள். என் வீட்டுக்காரர் தராசுப் பக்கத்தில் நின்று, "பாத்துக்க" என்றார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் எழுந்து போய் அவர்களைக் கூப்பிடவில்லை.

கண்ணாயி துணிப்பையோடு வந்து உப்பும் மிளகாயும் வாங்கினாள். நன்றி, கும்பிடு ஒன்றும் கிடையாது. அவள் காப்பி போனது போனதுதான், நான் பையை நிறுத்தியதால் ஒரு பழம்கூடத் திரும்பி வராது. போகும்போதும் 'அம்மணி' என்று சொல்லவில்லை.

பத்து மணிக்குச் செல்வராஜ் வந்தார். என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரிடம் பேசினார்.

"என்ன காளியண்ணா, சங்கம் ஒண்ணு பேசுனா நீ ஒண்ணு பண்றே? லோடையே திருப்பி அனுப்பிட்டியாம்."

என் வீட்டுக்காரர் தராசில் துவரம்பருப்பை அள்ளிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "என்னக் கேட்டா? கடை அவ பேர்ல இருக்குது. அவளக் கேளு" என்றார். இந்தத் தடவை அதில் சிரிப்பு இல்லை.

செல்வராஜ் வேறு வழியில்லாமல் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்கண்ணா, நம்ம கமலா கண்ணு பள்ளிக்கூடம் போயிட்டாளா?" என்றேன்.

"போயிட்டா. அதுக்கென்ன இப்போ?"

"கடைக்குப் பின்னால பள்ளத்துல அவ பேரும் என் பேரும் ஒண்ணாத்தான் கெடக்குது. சாயங்காலம் அவளக் கூட்டிட்டு வந்து காட்டுங்க."

அவர் முகம் கறுத்தது. "அதுக்குத்தானே பேரே வேண்டாம்னு சொன்னேன்" என்றார்.

"பேர எடுத்துட்டா அது யாரு பையின்னு கண்ணாயிக்குத் தெரியாது" என்றேன். "உங்களுக்குத் தெரியுமில்லீங்களா?"