மாமனாருக்கு ஒரு வாசல்

1

சன்னலோரம் மேலாளர். அவருக்கு எதிரே, மடிக்கணினியை விரித்தபடி ஆலோசகர். கதவுப் பக்கத்து நாற்காலியில் அவள், அந்த மின்விநியோக அலுவலகத்தின் புரோகிராமர்.

கதை பிறந்தது வேறிடத்தில். மின்கட்டண வரிசையில் நின்றிருந்தேன். கவுன்ட்டர் எழுத்தர் ஒரு விசையை அழுத்தப் போனவர், திரையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். அந்தக் கைக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

(முதல் தொடக்கம்: “பழைய நிரல்கள் உறங்குவதில்லை, அவை…” பந்தாவாக இருந்தது. அடித்துவிட்டேன்.)

2

மின் இணைப்பு தருவதும் துண்டிப்பதும் ஒரு பழைய கணினி நிரல். அலுவலகத்தில் அதற்குப் பெயர் மாமனார். யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. இப்போது வெளிச் செயலிகளும் இணையம் வழியே அதைக் கூப்பிட ஏபிஐ என்றொரு வாசல் வைக்க வேண்டும்.

“மாமனாரைத் தொடவே வேணாம் சார். எழுத்தர் அழுத்துற விசையெல்லாம் ஏபிஐயே அழுத்திடும். அடுத்த வாரம் ரெடி,” என்றார் ஆலோசகர்.

“நடுவுல ஒரு திரை வருமே, அதை யார் படிப்பா?” என்றாள் அவள்.

“எந்தத் திரை?”

“‘வீட்டில் மூச்சுக் கருவி உண்டு’ன்னு குறிப்பு வர்ற திரை. மாமனார் காட்டுவார், அவ்வளவுதான். துண்டிக்காம நிறுத்துறது எழுத்தர்தான்.”

“ஆயிரத்துல ஒரு வீடும்மா,” என்றார் மேலாளர்.

“அந்த வீட்டுலயும் மூச்சு விடணும் சார்.”

(மேலாளரை வில்லனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. நல்ல மனுஷன்.)

“மேலிடத்துக் குடைச்சல் தாங்கல. உன் கையெழுத்து இல்லாம வாசலைத் திறக்க முடியாது. போட்டுடேன்.”

“போட மாட்டேன் சார்.”

3

விசையும் திரையும் இல்லாமல் நிரலை நேரடியாகவே அழைத்தால்? அதையும் அவள் பார்த்துவிட்டாள். குறிப்பு திரையோடு நின்றுவிடும். அழைத்தவருக்கு ‘முடிந்தது’ என்ற பதில் மட்டும் போகும். மிச்சம் ஒரே வழி. மாமனாரைப் பிரித்து, குறிப்பு உண்டா என்று கேட்பதற்கு ஒரு வாசல், துண்டிப்பதற்கு ஒரு வாசல். குறிப்பு இருந்தால் இரண்டாவது திறக்காது. கோரிக்கை ஒரு மனிதரிடம் போகும். மூன்று மாத வேலை.

இந்த இடத்தில் அவள் கண் கலங்கி— இல்லை. அவள் தாளை எடுத்து, மூன்று வழிகளையும் வரிசையாக எழுதி, கீழே தன் பெயரைப் போட்டாள்.

“மெயில் போதாதா?” என்றார் ஆலோசகர்.

“மெயிலைப் பார்க்கலைன்னு சொல்லிடுவாங்க. இதுக்குத் தபால் நோட்டுல கையெழுத்துப் போட்டுல்ல வாங்கணும்!”

4

மேலிடம் சம்மதிப்பதாக ஒரு முடிவு எழுதினேன். வேறொருவர் கையெழுத்துப் போடுவதாக இன்னொன்று. இரண்டையும் கிழித்துவிட்டேன். மேலிடத்தில் யாரை உட்காரவைப்பது என்று யோசித்து, இதை வாசிக்கிற உங்களை உட்காரவைத்திருக்கிறேன்.

அவள் உறையை ஒட்டினாள். மேலிடத்துக்குத் தபால் கொண்டுபோகிறவர் பையின் வாயைக் கட்டுவதற்குள், நோட்டில் பதிந்து உள்ளே போட்டாள்.