முதலில் சீழ், பிறகு மருந்து

நீச்சல் மாஸ்டரின் முதுகெலும்புக்குள் ஏதோ ஒரு கிருமி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. என்ன கிருமி என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. ஊசியால் குத்தி எடுத்த மாதிரியில் ஒன்றும் வளரவில்லை. அதற்கு முன்பே ஆளாளுக்கு மாத்திரை கொடுத்து அதைப் பதுங்க வைத்திருந்தார்கள். மாத்திரைகளை நிறுத்தியாயிற்று. கால்களோ மரத்துக்கொண்டே வந்தன. இன்று முதுகைத் திறந்து கிருமியைக் கையும் களவுமாகப் பிடித்தால் சரியான மருந்து கிடைக்கும். இல்லாவிட்டால் மனிதர் எழுந்து நடப்பது சந்தேகம்தான்.

டாக்டரம்மாவுக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. பயமில்லை, அத்தனை பரபரப்பு! இப்படியொரு கேஸ் எல்லோருக்குமா வாய்க்கிறது?

கவலையெல்லாம் மயக்க மருந்து டாக்டரைப் பற்றித்தான். ஆள் தங்கம். ஆனால் சொல்வதற்கு முன்பே செய்து முடித்துவிடுவார். கத்தி படுமுன் ஆன்டிபயாடிக் ஏற்றுவது எல்லா ஆபரேஷனிலும் வழக்கம். இன்று அது முன்னால் ஏறினால் காரியமே கெட்டுவிடும்.

"சார், சீழ் எடுத்த பிறகுதான் மருந்து. நான் சொல்ற வரைக்கும் கை வைக்கக் கூடாது."

"எத்தனை தடவைம்மா சொல்லுவே? என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது?"

"முந்திரிக்கொட்டை மாதிரி தெரியுது சார்" என்றாள் நர்ஸ்.

மாஸ்டர் மயங்கினார். டாக்டரம்மா கத்தியைக் கையில் வாங்கினாள். பல வருஷத்துப் பழக்கம், வாய் தானாகத் திறந்தது.

"ஆன்டிபயாடிக் போயிடுச்சா?"

"இல்ல."

"இன்னுமா போடல? சீக்கிரம் போடுங்க சார்!"

"மாட்டேன்."

மனிதர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயையோ, நானே கெடுக்கப் பார்த்தேனே!" அவளுக்கு வெட்கமும் சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தன.

தசையை விலக்கி எலும்பை எட்டியதும் சீழ் பொங்கியது.

"வந்துடுச்சு! குப்பியைக் குடு, குடு!"

சீழும் அரித்துப்போன எலும்புத் துணுக்கும் குப்பிகளுக்குப் போயின. "இப்போ போடுங்க சார்!" சொல்லி வாய் மூடவில்லை, மருந்து ஏறிவிட்டது. அழுகியதையெல்லாம் சுரண்டி, நரம்பை நெருக்கிய சீழைக் கழுவி, திருகாணியும் கம்பியும் பொருத்தி முதுகை நிமிர்த்தினாள்.

கிருமி சரியான சோம்பேறி. ஆற அமரத்தான் வளர்ந்தது. ஒரு காலையில் லேபிலிருந்து போன் வந்தது.

"மேடம், பிடிச்சுட்டோம்! புத்தகத்துல மட்டுமே பார்த்த கிருமி. ஆனா நம்மகிட்ட இருக்கற மருந்துக்கே அடங்குது!"

லிஃப்டுக்குக் காத்திருக்க யாருக்குப் பொறுமை? படிகளில் தடதடவென்று இறங்கி, அப்போதுதான் துடைத்திருந்த வராந்தாவில் ஓடினாள்.

எதிரே வார்டு வாசலில், வாக்கரைப் பிடித்தபடி, தன் சொந்தக் காலில் மாஸ்டர் நின்றிருந்தார்.

"டாக்டர்! ஈரத்தரையில ஓடக் கூடாது" என்று அதட்டினார். "நடங்க."